பூட்டுக்காரர் ஓட்டி வந்த வண்டி

பூட்டுக்காரரிடமிருந்து கார் சாவியை ஒளித்து வைப்பது போன்ற வெட்டி வேலை உலகத்தில் கிடையாது. மகளுக்கு அது மூன்றாவது தடவைதான் உறைத்தது. முதல் சாவியை அரிசி டப்பாவில் புதைத்தாள். இரண்டாவதைத் தன் அலுவலகத்துக்கே கொண்டுபோனாள். பூட்டுக்கார அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. பத்தே நிமிடத்தில் புதிதாக ஒன்றை ராவிக்கொண்டார். காலையில் சாப்பிட்டது மறந்துபோகும், வீட்டுக்கு வரும் வழி மறந்துபோகும். நாற்பது வருஷம் அரம் பிடித்த கைக்கு மட்டும் ஒன்றும் மறக்காது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டிருந்தார்.

ஒருநாள் காரில் சந்தைக்குப் போனவர் திரும்பி வந்தார். அதே வெள்ளை, அதே பழைய கார். ஆனால் அவர்களுடையது இல்லை.

“யார் வண்டிப்பா இது?”

“நம்ம வண்டிதான். பூட்டு மக்கர் பண்ணுச்சு. சாவி சேரல. பையில கம்பி இருந்துச்சு, அதை வச்சே திறந்து கிளப்பிட்டேன்.”

சாவி சேராவிட்டால் வண்டி வேறு என்று யாருக்கும் தோன்றும். இவருக்குப் பூட்டின் மேல்தான் சந்தேகம்! மகள் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே இருந்த காகிதத்தில் நம்பரைப் பார்த்து போன் செய்தாள். வண்டிக்காரர் வந்து வாய்க்கு வந்தபடி திட்டினார். போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிய விஷயம்.

வண்டிக்காரர் கிளம்பும்போதுதான் அப்பா பின்சீட்டைப் பார்த்தார். குழந்தையை உட்கார வைத்துக் கட்டும் சின்ன இருக்கை.

“உள்ள குழந்தை இருந்துச்சா?”

“இல்லப்பா. காலியாத்தான் இருந்துச்சு.”

பத்து நிமிடத்தில் மறுபடி கேட்டார். ஐந்தாவது தடவை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“எத்தனை தடவைப்பா சொல்றது? இல்ல, இல்ல, இல்ல!”

“நீ சொல்றே. ஓட்டினது நான்தானே? எனக்கில்ல தெரிஞ்சிருக்கணும்? நம்ம வண்டிய வித்துடும்மா. நாளைக்கே நான் முடியாதுன்னு குதிப்பேன். காதுல வாங்காதே.”

கத்தியதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. சந்தையில் நின்ற தங்கள் வண்டியைக் கொண்டுவந்து அந்த வாரமே விற்றாள்.

விற்ற மறுநாள் காலை, வண்டி நிற்கும் காலி இடத்தில் கையில் சாவியோடு நின்றார் அப்பா.

“யாரைக் கேட்டு வித்தே?”

“உங்களைக் கேட்டுத்தான்ப்பா.”

“நானா சொன்னேன்? பொய் சொல்ல எப்போ கத்துக்கிட்டே?”

அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. எல்லாம் மறந்துபோகிற மனுஷருக்கு அந்தக் கோபம் மட்டும் மறக்கவே இல்லை.