மூடக்கூடாத துளை

பாலகுரு ஒரு பொருள் வாங்குவதென்றால் நாலு பேரிடம் யோசனை கேட்பான். கேட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குத்தான் வாங்குவான். மரக்காணத்தில் வீட்டு முன்னறையையே போட்டோ ஸ்டூடியோவாக வைத்திருந்தவன் அவன். 2005 ஏப்ரலில் ஹார்ட் டிஸ்க் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போனபோது மட்டும் கடைக்காரர் சொன்னதைக் கைகட்டிக் கேட்டான். காரணம் பயம்.

உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காத ஊர். இரண்டு வருஷத்தில் அவன் கம்ப்யூட்டர்களில் மூன்று டிஸ்க் மண்டையைப் போட்டிருந்தது. சிடியில் எழுதி வைத்ததெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. ஆரோவில் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் அவன் மனைவி சங்கீதா, சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற பெட்டியைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கேபிளில் இணைத்தால் வீட்டிலுள்ள இரண்டு கம்ப்யூட்டரும் அதிலேயே சேமிக்கலாம். உள்ளே இரண்டு டிஸ்க் போட இடம் இருந்தது. ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதிக்கொள்ளும். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்.

அவன் பயந்தது கல்யாண ஆல்பங்களுக்காக அல்ல, ஒரே ஒரு போட்டோவுக்காக.

சுனாமியில் கடல் உள்ளே வந்து போன மறுமாதம் குப்பத்துச் சனங்கள் வரிசையாக அவன் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டோடு ஆல்பமும் போயிருந்தது. செத்தவர்களின் முகம் இவன் கம்ப்யூட்டரில்தான் மிச்சம். எல்லாருக்கும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். மீன் பிடிக்கிற இருசப்பன் மட்டும் கையை நீட்டவில்லை. அவர் மகள் பூங்குழலிக்கு ஏழு வயது. உடல் கிடைக்கவில்லை. முந்தின ஆவணியில் அவளுக்குக் காதுகுத்தியபோது எடுத்த படம் அது.

“வாணாம் தம்பி. பேப்பர்ல போட்டா மாலை போடணும். மாலை போட்டா செத்துட்டான்னு ஆவுது. எம்பொண்டாட்டி அதுக்கு ஒத்துக்க மாட்டா. நீயே வச்சிரு. கேக்கும்போது குடு.”

“சத்தியமா வச்சிருக்கேண்ணே” என்றான் பாலகுரு. யோசித்துச் சொன்ன வார்த்தை அல்ல, வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அமாவாசைதோறும், கடலுக்குப் போகாத அன்று, இருசப்பன் வருவார். பாலகுரு படத்தைத் திறப்பான். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விடுவார். அவர் மனைவி சின்னப்பாப்பா ஒரு தடவையும் வரவில்லை.

பாண்டிச்சேரிக் கடைக்காரர் தங்கராசு மேஜையில் நாலு டிஸ்க்கை எடுத்துப் பரப்பினார். “ஒரே கம்பெனி, ஒரே லாட்ல ரெண்டு வாங்காதப்பா. ஒண்ணா பொறந்தது ஒண்ணா போயிடும். ஆளுக்கொரு கம்பெனி எடு. பெருசுக்கு ஆசப்படாத, சூடு கம்மியா இருக்குறத பாரு.”

பாலகுரு ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் காதருகே வைத்துச் சத்தம் கேட்டான். தொட்டுச் சூடு பார்த்தான். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். கடைசியில் வெவ்வேறு கம்பெனியில் நூற்றறுபது ஜிபி டிஸ்க் இரண்டை எடுத்தான். அருமையான தேர்வு, ஒரு குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மெழுகுவர்த்தியைத் தேடினான்.

உப்பளத்தில் பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டியின் இடுக்கையெல்லாம் மெழுகு ஊற்றித்தான் அடைப்பார்கள். டார்ச், ரேடியோ, சுவிட்ச் போர்டு எதுவானாலும் அந்த ஊரில் முதல் வேலை அதுதான். அவன் அப்பா உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். நடக்கப் பழகின நாளிலிருந்து அவன் பார்த்த வைத்தியம். இரண்டு டிஸ்க்கின் முதுகிலும் மிளகளவு துளை ஒன்று இருந்தது.

சங்கீதா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தாள். “ஏங்க, இந்த ஓட்டைய மூடாதன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்குது.”

“இத எழுதினவன் மரக்காணம் வந்திருக்கானா? காத்து பூந்தா ஆறு மாசத்துல துரு புடிச்சிடும். என் டிஸ்க்க நான் பாத்துக்குறேன்.”

“போட்டிருக்கிறத சொன்னேன்.”

“சொல்லிட்ட இல்ல?”

ஒன்றை அடைத்து மற்றதை விட மனசு வரவில்லை. இரண்டையும் அடைத்தான். எல்லாப் படத்தையும் பெட்டிக்கு மாற்றிவிட்டு, வீடியோ வேலைக்கு இடம் வேண்டுமென்று கம்ப்யூட்டர்களைத் துடைத்துக் காலி செய்தான். ஒரு வருஷம் பெட்டியின் இரண்டு பச்சை விளக்கும் கண் சிமிட்டாமல் எரிந்தன. அவன் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் மெழுகு மகிமையைச் சொன்னான்.

அடுத்த கத்திரியில், மே மாதத்தில், ஒரு மத்தியானம் ஒரு விளக்கு சிவப்பாக மாறியது. பாலகுரு பதறவில்லை. இதற்குத்தானே இரண்டு வாங்கினோம் என்று கெட்டுப்போன டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினான்.

தங்கராசு டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் மெழுகைச் சுரண்டினார். “என்னப்பா இது? இது மூச்சு வுடுற ஓட்டையாச்சே! உள்ள சூடாவுறப்போ காத்து வெளிய போவணும், ஆறுனா உள்ள வரணும். தூசி போவாத மாதிரி உள்ள ஃபில்டர் வச்சிதான் வுட்டிருக்கான். இன்னொண்ணு?”

“அதையும் அடைச்சிட்டேன்.”

புது டிஸ்க் வாங்காமலே ஓடினான். கோட்டக்குப்பம் தாண்டும்வரை பஸ் ஆமை மாதிரி ஊர்ந்தது. டிரைவரைத் திட்டினான், வெயிலைத் திட்டினான், தன்னைத்தான் கடைசியாகத் திட்டினான். வீட்டுக் கதவைத் திறந்தபோது டிக், டிக் என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான், மெழுகை ஊசியால் நோண்டி எடுத்தான், ஃபேனுக்கு அடியில் வைத்தான். அதற்குப் பிறகு அந்த டிஸ்க் எதையும் காட்டவில்லை. சென்னையில் கெட்ட டிஸ்க்கிலிருந்து படம் மீட்டுத் தருகிறவரிடம் இரண்டையும் கொண்டுபோனான். உள்ளே சுழலும் தட்டெல்லாம் கோடு விழுந்துவிட்டது, ஒன்றும் தேறாது என்று அவர் கையை விரித்தார்.

சங்கீதா இரண்டு டிஸ்க்கையும் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

அந்த மாத அமாவாசைக்கு இருசப்பன் வந்தார். அன்று சட்டை துவைத்துப் போட்டிருந்தார்.

“தம்பி, இன்னிக்கி பேப்பர்ல போட்டுக் குடுத்துடு.”

பாலகுரு கம்ப்யூட்டர் பக்கம் போகாமலே கேட்டான். “அக்கா ஒத்துக்கிட்டாங்களா?”

“அவதான் அனுப்புனா. அவளுக்கு மூஞ்சி மறந்து போவுதாம். கண்ண மூடினா வர மாட்டேங்குதுன்னு ரெண்டு நாளா அழுவுறா.”

பாலகுரு ஒளிக்காமல் சொன்னான். மெழுகு, துளை, சென்னை, எல்லாவற்றையும். “நான்தாண்ணே கெடுத்தேன். மூடாதன்னு எழுதியிருந்துச்சு, சங்கீதா படிச்சி சொல்லியும் மூடினேன்.”

இருசப்பன் காலிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். “நாங்களும் டார்ச்சுக்கு அப்பிடித்தான செய்யுறோம்” என்றார். அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பிறகு எழுந்து, “வந்து அவகிட்ட சொல்லு. மாசா மாசம் பாத்தவன் நீ, எப்பிடி இருந்தான்னாவது சொல்லு” என்றார்.

குப்பத்தில் தகரக் கொட்டகை வாசலில் சின்னப்பாப்பா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது. திட்டுவாள் என்று பாலகுரு தலையைக் குனிந்தான். அவள் திட்டவில்லை.

“எப்பிடி நின்னா, சொல்லுப்பா.”

அவனுக்குப் படத்தின் நம்பர் ஞாபகம் வந்தது. இடது பக்கம் வெளிச்சம் அதிகம் என்று குறைத்தது ஞாபகம் வந்தது. “மஞ்சப் பாவாட, கனகாம்பரம்...”

“அதெல்லாம் நான்தான் போட்டு வுட்டேன். மூஞ்சிய சொல்லு.”

எத்தனை தடவை திறந்து காட்டியிருக்கிறான்! இருசப்பன் பார்க்கும்போதெல்லாம் இவன் அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். முகம் வரவில்லை. எந்தக் குழந்தை படத்துக்கும் பொருந்துவதைச் சொன்னான்.

“சிரிச்சிக்கிட்டு இருந்துச்சுக்கா.”

சின்னப்பாப்பா நிமிர்ந்தாள். “சிரிச்சாளா? முன்னாடி ரெண்டு பல்லும் வுழுந்திருந்துச்சு. ஊரே கேலி பண்ணுதுன்னு வாயத் தொறக்கவே மாட்டா. உதட்ட உள்ள இழுத்து கடிச்சிக்கிட்டு நின்னா. காது குத்துனதுல அழுது கண்ணு வீங்கி, இந்தக் கண்ணு சின்னதா, புருவத்துகிட்ட மை இழுவிப் போயி...”

விரல் தன் புருவத்தின் மேலேயே நின்றுவிட்டது. இருசப்பன் மூச்சுவிடாமல் மனைவியைப் பார்த்தார்.

“ஒண்ணர வருசம் எம்பொண்ணு உங்கிட்ட இருந்தா” என்றாள் அவள். இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “ஒரு நாளாவது நீ அவள பாத்தியா?”

“இல்லக்கா” என்றான் பாலகுரு.