எந்த ஆத்துக்கு

எதிர்வீட்டு மொட்டைமாடியில் நின்று அந்த வெள்ளைக்காரர் வலது கையை நீட்டினார். கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆற்றுப்பாலத்தைப் பார்த்தார். பிறகு விரலை அசைக்காமலே அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினார். அடுத்தது தண்ணீர்த் தொட்டி, அதற்கடுத்தது கோயில் கோபுரம். துணி காயப்போட வந்த நான் பிழிந்த சேலையும் கையுமாக நின்றுவிட்டேன். எனக்கு ஒரு சங்கதி தெரியாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ‘கோமுவுக்குக் காது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், கண்ணு எதிர்வீட்டில்’ என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும்.

வெள்ளைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவர் அஜர்பைஜான்காரர், எதிர்வீட்டுச் சேவிலின் அண்ணன். பெயர் ரவூப், பீரங்கிப்படையில் மேஜர். சோவியத்தின் ராணுவத்தில் ஆரம்பித்து, அது உடைந்ததும் சொந்த நாட்டு ராணுவத்துக்கு மாறியவர். மாறிய கையோடு பக்கத்து நாட்டுடன் சண்டை. அந்தத் தொண்ணூற்று நான்கில்தான் சண்டை நின்றிருந்தது. நின்றதும் மனுஷர் முதல் வேலையாக நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருக்கிறார், அதுவும் எங்கள் வண்ணார்பேட்டைக்கு. பீரங்கிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதாம். அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். ஒரு சொல்லும் புரியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த நாட்டுத் தலைநகர் பாகுவுக்கு எண்ணெய்ப் படிப்புப் படிக்கப் போன எதிர்வீட்டுக் கோபாலசுப்பிரமணியன் கையோடு கூட்டி வந்தவள் சேவில். வந்த புதிதில் பெயரைக் கேட்ட என் மாமியார், செவிலி என்று நினைத்து முட்டிவலிக்கு மருந்து கேட்டாள். சேவில் படித்த தமிழெல்லாம் அவள் மாமியார் வீட்டுத் தமிழ். ஒருநாள் நான் துண்டும் சோப்புமாக, “ஆத்துக்குப் போயிட்டு வாரேன்” என்றதும் குழம்பிப்போய் என் வீட்டையே கைகாட்டினாள். “உங்காம் இதுதானே கோமு, எங்க போறேள்?” அவர்கள் வீட்டில் ஆம் என்றால் வீடு, ஆத்துக்கு என்றால் வீட்டுக்கு. நமக்கு ஆற்றுக்கு. பத்து வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அந்தச் சேவில்தான் ஒரு வருஷமாகச் சிரிக்கவில்லை. அவள் பிறந்த வீடு மலையடிவாரத்தில், ஒரு ஆற்றங்கரையில். அம்மாவைச் சண்டைக்கு முன்பே பாகுவுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். வீடு என்ன ஆனதென்று யாரும் சொல்லவில்லை. எத்தனை முறை அந்த வீட்டு நம்பருக்கு அவள் கால் புக் பண்ணியிருப்பாள்! நானே எக்ஸ்சேஞ்ச் போர்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மணியே அடிக்காது. அடுத்த கோடையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று துணிமணிகூட எடுத்துவிட்டாள். இப்போது அண்ணனே வந்து உட்கார்ந்திருக்கிறார். வீடு இருக்கிறதா என்று கேட்டால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை ஆற்றுக்கு அழைத்துப் போகையில் என்னையும் கூப்பிட்டாள். “நீங்களும் வாங்கோ. வெளி மனுஷா இருந்தா எழுந்து ஓட மாட்டான்.” எனக்குச் சொல்லவா வேண்டும்.

மார்கழித் தண்ணீர் படித்துறையின் பாதிப் படிகளை மூடி ஓடியது. மேஜர் உட்கார்ந்து கையை நனைத்துக்கொண்டு, “சாய்” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, “சாய்.” குளிரில் மனுஷருக்குச் சாயா கேட்கிறது போலிருக்கிறது என்று நான் மேலே சுடலையாண்டி டீக்கடைக்குக் கைகாட்டினேன். மூன்று கிளாஸ் வந்தது. மேஜர் கிளாஸைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சேவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் பாஷையில் ஆற்றுக்கும் டீக்கும் ஒரே சொல்லாம். நல்ல பாஷைதான் என்று நானும் சிரித்தேன். அவர் என்னவென்று கேட்க, அந்தச் சிரிப்போடேயே சேவில் எங்கள் பழைய கதையையும் சொன்னாள் போலிருக்கிறது. இங்கே ஆற்றுக்கும் வீட்டுக்கும் ஒரே சொல் என்று.

அவர் சிரிக்கவில்லை. சரியாகக் கேட்காதவர் மாதிரி திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் காதருகே குனிந்து சொன்னாள். கிளாஸைப் படியில் வைத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். அத்தனை சத்தமாக. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சேவிலின் முகம் பையப் பைய வெளிறிக்கொண்டே வந்தது.

அவளே சொன்னாள். “ஆத்தைப் பத்திக் கேட்டுண்டே இருந்தேனோல்லியோ. ஆறு இருக்காம் கோமு. ஆம்தான் இல்லையாம்.”

“குண்டு போட்டுட்டானுவளா, பாவிப்பயலுவ?”

“இவன்தான் போட்டிருக்கான். அந்தப் பக்கத்து சிப்பாய்கள்லாம் வந்து எங்காத்துக்குள்ள உக்காந்துண்டாளாம். மத்த வீட்டுக்கெல்லாம் விரலை வச்சு தூரம் பாத்துச் சுட்டானாம். இதுக்குப் பாக்கவே வேண்டியிருக்கலைங்கறான். ஸ்கூல்லேர்ந்து ஓடி வந்த தூரம்தானேங்கறான்.”

மாடியில் அந்த விரல் பாலத்திலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து கோபுரத்துக்கும் நகர்ந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. கொடியருகே சேலையோடு நின்ற என்னையும் அது தாண்டித்தான் போயிருக்கும்.

சேவில் எழுந்து, சேலையைத் தூக்கிக்கூடப் பிடிக்காமல் தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால் வரைக்கும் போய் நின்றாள். அவரும் செருப்போடே பின்னால் இறங்கினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கரை வாழைத்தோட்டத்து நடுவில் ஒரு ஓட்டுவீடு. அதன் வாசலில் யாரோ கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழக்கம் யாரை விட்டது, மேஜரின் கை தானாக நீண்டது. கட்டைவிரல் நிமிர்ந்தது. ஒரு கண் மூடியது.

சேவில் திரும்பினாள். செவிட்டில் ஒன்று விடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். விட்டாலும் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது. அவள் அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இறக்கியவள் விடவில்லை. கடைத்தெருவில் அப்பன் விரலைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை மாதிரி உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“ஆத்துக்குப் போலாம், வா,” என்றாள். தமிழில்தான் சொன்னாள். ஆற்றுக்குள் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

எந்த ஆத்துக்கு என்று எனக்கும் தெரியவில்லை. படியில் மூன்று கிளாஸ் டீயிலும் ஆடை படிந்திருந்தது. மேஜர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், விரலை உருவிக்கொள்ளாமல்.