கடுக்காய் மரத்தில் கட்டிய புல்

குப்புராஜ் அண்ணனின் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டது நான்தான். ஏற்றத்தில் அவருக்குச் சுமை வேண்டாமே என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற கண்டக்டர். சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவது, அரூரில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில்தான். அன்று காலை பஸ்ஸில் வரும்போதே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணன், அமுதவல்லி டீச்சர், நான் மூவரும் மாலை நேரக் கல்வெட்டு வகுப்பில் படிக்கிறோம். சித்தேரி மலையில், மேல்நொச்சி என்ற பழைய ஊரின் நடுகற்களைப் பார்க்கத் திட்டம் போட்டதும் நான்தான். கீழ்நொச்சி வரை ஜீப் போகும். அதற்கு மேல் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. செங்குத்தாக ஏறும், அங்கங்கே பிரியும்.

முதல் ஏற்றத்திலேயே அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க முன்னால போங்க பாப்பா. நான் டவுன் பஸ்ஸு. எல்லா ஸ்டாப்புலயும் நின்னுதான் வருவேன்."

"காட்டுல தனியா எப்படிங்க விட்டுட்டுப் போறது?" என்றார் அமுதவல்லி டீச்சர்.

"வழி தெரிஞ்சா வந்துட மாட்டனா? ரைட், ரைட்!"

பாதை பிரியும் இடங்களில், சரியான வழியில் நிற்கும் மரத்தில் புல்லை முறுக்கிக் கட்டிவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார். கைக்கு வாகாக நின்றவை பெரும்பாலும் கடுக்காய் மரங்கள். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். டீச்சருக்கே அலுத்துப்போனது.

மேல்நொச்சியில் ஊர் எல்லையிலேயே கற்கள் நின்றன. ஒன்றில் வில்லேந்திய வீரன், காலடியில் மாடுகள். டீச்சர் படம் எடுக்க ஆரம்பித்தார். நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வரவில்லை. தண்ணீர் தேடி அவர் பையைத் திறந்தபோதுதான் உள்ளே டிபன் பாக்ஸும் பிஸ்கட்டும் கண்ணில் பட்டன.

"டீச்சர், அவரு சாப்பாடு எங்கிட்ட இருக்கு. மாத்திரை மட்டும் போட்டிருக்காரு."

சாப்பிடாமல் மலை ஏறினால் சர்க்கரை இறங்கிவிடும். எங்காவது மயங்கி விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. இருவரும் இறங்கி ஓடினோம்.

முதல் பிரிவில் முடிச்சு இல்லை. அடுத்ததிலும் இல்லை.

"கட்டுனியா ஜெயபிரியா?"

"கட்டினேன் டீச்சர்."

சொல்லிவிட்டு எனக்கே சந்தேகமாகிவிட்டது. வேறு மரத்தில் கட்டினேனா? இது வேறு பாதையா? அவர் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார்? பக்கத்து மரங்களில் முடிச்சைத் தேடினேன். டீச்சர் அண்ணனைக் கூப்பிட்டார். மூங்கில் புதருக்கு அப்பாலிருந்து ஒரு பெண்ணின் அதட்டல் கேட்டது.

"நட சாமி, நட! ஆளக் காட்டாம ஒன்ன வுட மாட்டேன்."

"நடந்துக்கிட்டுத்தான இருக்கேன்! செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட இப்படி வெரட்டுனதில்லம்மா."

அண்ணன் வந்தார். பின்னால் அந்த மலை ஊர்ப் பெண், மரங்களிலிருந்து அவிழ்த்த என் புல் முடிச்சுகள் கை நிறைய.

"அண்ணா, கை நடுங்குதா? வேர்க்குதா? கண்ணு இருட்டுதா?"

"இருட்டுச்சு பாப்பா. பாதை பிரியற எடத்துல புல்லக் காணோம், எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம உக்காந்துட்டேன். இந்த அம்மா வந்து திருடன்னு சட்டையப் புடிச்சாங்க. சக்கரை, மயக்கமா வருதுன்னேன். வூட்டுக்கு இழுத்துட்டுப் போயி வெல்லம் குடுத்து, ராகிக் கூழ் ஊத்துனாங்க. அப்புறம் புல்லக் கட்டுன ஆளக் காட்டுன்னு மறுபடியும் புடிச்சிக்கிட்டாங்க."

அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக, நடுக்கம் இல்லாமல் இருந்தது.

"இதக் கட்டுனது நீயா?" அந்தப் பெண் முடிச்சுகளை என் முன்னால் போட்டாள். "எங்க மலையில மரத்துல புல்லு முடிஞ்சா, இந்த வருசக் காய் எனக்குன்னு அர்த்தம். வேற ஆளு கை வைக்க மாட்டாங்க. எங்க வூட்டுப் பங்கு மரம் அத்தனையும் முடிஞ்சி வச்சிருக்க! ஊரையே வளைச்சிப் போட வந்தியா?"

"வழி தெரியறதுக்குக் கட்டினேங்க. தெரியாதுங்க."

"வழிக்குக் கல்லு அடுக்கணும். மரத்தத் தொடக் கூடாது." சொன்னவள் என் முகத்தைப் பார்த்துக் குரலைக் குறைத்தாள். "அழாத. நீ முடிச்சுப் போடலன்னா நான் இந்தப் பக்கமே இறங்கியிருக்க மாட்டேன். இந்த ஆளு அங்கயே கெடந்திருப்பாரு."

நான் முடிச்சே போடாமல் இருந்தால் அவர் வழியைத் தவறவிட்டிருப்பாரா, பையை வாங்காமல் இருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று என் மனம் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தது. அதற்குள் அண்ணன், "கல்லு எங்க இருக்கு? அதுக்குத்தான வந்தேன்" என்று மேலே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் பசித்தது. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை.

"அக்கா, இன்னும் கூழ் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"ம். எதுன்னாலும் இப்படிக் கேளு," என்று சிரித்தாள் சின்னபொண்ணு. அவள் பெயரை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.