ஜூலையில் சொன்ன நாலு சொல்

டொக்டர் பத்து ஜெர்மன் சொற்களை வாசித்து முடித்ததும் என் தம்பி மதீசன் நாலைத் திருப்பிச் சொன்னான். திறப்பு, முட்டை, குடை, பாலம். பிறகு கூரையைப் பார்த்தான். மூலைக் கதிரையில் இருந்த எனக்கே ஏழு ஞாபகம் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் டொக்டர் என்னை உள்ளே விட்டிருந்தார்.

மதீசன் ரக்பி விளையாடிச் சம்பளம் வாங்குகிறவன். ஹனோவரில் எங்கள் சனத்திடம் இதைச் சொன்னால், "அது சரி, வேலை என்ன செய்யிறார்?" என்று கேட்பார்கள். அப்பா மட்டும், அது கொழும்பிலை பெரிய பள்ளிக்கூடத்துப் பெடியள் விளையாடுறது என்று சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்வார். தம்பிக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. இரண்டு தரம் தோள் கழன்றிருக்கிறது. வருகிற சனிக்கிழமை பிரான்ஸிலிருந்து ஒரு கிளப்காரர் இவனைப் பார்ப்பதற்கென்றே வருகிறார். இதை விட்டால் இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

பன்னிரண்டு நாளைக்கு முன், பந்தோடு ஓடிவந்த ஒருவனை மறிக்கப் போய், அவனுடைய முழங்காலில் தலை அடிபட்டு விழுந்தான். அன்றுமுதல் கார் ஓட்ட விடவில்லை. நான்தான் சாரதி.

சீசன் தொடங்குமுன் எல்லாருக்கும் இதே சோதனை நடக்கும். தலையில் அடிபட்டால் திரும்பவும் செய்து, பழையதோடு ஒப்பிட்டுத்தான் இறங்க விடுவார்கள். விளையாடுகிற கள்ளர்கள் சிலபேர் முதல் சோதனையிலேயே வேண்டுமென்று குறைத்துச் சொல்லிவிடுவார்கள். பிறகு மூளை எவ்வளவு கலங்கினாலும் தப்பிவிடலாம் அல்லவா! ஜூலையில் அந்த முதல் சோதனை முடிந்த அன்று என் வீட்டில் கொத்துரொட்டி சாப்பிட்டபடி மதீசன் சிரித்தான். "அக்கா, பத்தும் தெரியும். நாலோடை நிப்பாட்டிப்போட்டன்."

டொக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜூலையிலும் நாலு, இன்றும் நாலு. தலையிடி? இல்லை. வெளிச்சம் கூசுகிறதா? இல்லை. சனிக்கிழமை விளையாடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கை குலுக்கினார்.

காரில் ஏறியதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன நடிப்படா! அச்சொட்டா நாலிலை வந்து நிண்டாய். பத்தும் சொல்லியிருந்தா அந்தாள் உன்ரை கள்ளத்தைப் பிடிச்சிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "நான் நடிக்கேல்லை, அக்கா."

"பின்னை?"

"பத்தும் சொல்லத்தான் பாத்தனான். வரேல்லை."

எனக்கு அவன்மேலும் என்மேலும் கோபம் வந்தது. கொத்துரொட்டியோடு நானும் சேர்ந்து சிரித்தவள்தானே.

"திரும்பிப் போய்ச் சொல்லுவம்" என்றேன்.

"சொன்னா சனிக்கிழமை இல்லை. பிறகு எனக்கு ஒண்டும் இல்லை."

"சொல்லாட்டி?"

சந்தியில் சிவப்பு விழுந்தது. நேரே போனால் வீடு, இடப்பக்கம் திரும்பினால் மறுபடி டொக்டரிடம்.

"அந்தச் சொல்லுகளை இப்ப ஒருக்காச் சொல்லு" என்றேன்.

மடியில் கையை விரித்து, அம்மா சின்னனில் பழக்கியபடி, பெருவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினான். திறப்பு. முட்டை. குடை. சுண்டுவிரலில் மூன்று கணுவும் முடிந்தன. பெருவிரல் மோதிரவிரலின் அடிக்கணுவுக்குப் போய் நின்றது.

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். நான் இன்னும் சிக்னல் போடவில்லை. மதீசனின் பெருவிரல் அந்த நாலாவது கணுவை அழுத்திக்கொண்டே இருந்தது.