திரையில் ஒரு கை

மர்ஜியாவுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு முடிய, அவள் எழுதிய புரோகிராமை யாராவது ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். பெரம்பலூரில் கல்யாண மண்டபம் வைத்திருந்த பூமாலைக்கு ஒரு மண்டப முன்பதிவு புரோகிராம் செய்தாள். மவுஸ் அம்புக்குறிக்குப் பதிலாக விரல்கள் விரிந்த ஒரு கையை வரைந்திருந்தாள்.

“இடது கையாம்மா? கல்யாணத்துக்கா?” என்றார் பூமாலை.

படத்தை இடம் வலமாகத் திருப்பினாள். அழுத்தினால் வேலை செய்யும் புள்ளியை நகர்த்த மறந்தாள். ஆள்காட்டி விரலில் இருந்த புள்ளி இப்போது சுண்டுவிரலில் இருந்தது.

பூமாலை திரையிலிருந்த கையின் ஆள்காட்டி விரலைச் ‘சேமி’ மேல் வைத்து அழுத்தினார். பக்கத்திலிருந்த ‘நீக்கு’ வேலை செய்தது. ஒரு கல்யாணம் மறைந்தது.

“யாரோடதும்மா?”

“ஆண்டிமடத்துக்காரங்களோடதுங்க.”

“போன தடவ மணவறையில ஆட்டக் கட்டுனாங்க. போவட்டும். கையெழுத்து எங்க போடணும்?”