சந்தனப் பட்டும் அப்பாவின் கையும்

தடால்!

ராட்டையில் பட்டு நூல் சுற்றியபடியே கனவில் மிதந்துகொண்டிருந்த அபிநயா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

எப்போதும் வரும் கனவுதான். நீளமான வெள்ளைத் தாழ்வாரம், இரண்டு பக்கமும் கட்டில்கள். நடுவே அவள் தரையில் கால் பாவாமல் நடப்பாள். கடைசியில் ஒரு சிவப்புச் சொட்டு தெரியும். அத்தோடு கனவு கலைந்துவிடும்.

இடம் கொடுத்திருந்த நர்சிங் கல்லூரிக்கு நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் மாகறல் கோயிலில் தம்பிக்குக் காது குத்தியபோது, துளி ரத்தம் பார்த்துச் சுருண்டு விழுந்தவள் அவள்.

"உன்னத் தூக்கறதுக்கே தனியா ஒரு நர்ஸு வேணும்டி!" காலையில்கூட அம்மா பொன்னி சிரித்தாள்.

இப்போது தறிமேல் இருந்த இரும்புத் தண்டு கழன்று விழுந்திருந்தது. அப்பா இளவரசனின் முன்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. தறியில், வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கான சந்தன நிறப் புடவை.

"ஐயோ, பொடவை! பொடவைல படப்போவுது!" அலறிக்கொண்டு ஓடிவந்த பொன்னி, தன் முந்தானையை விரித்துப் பட்டை மூடினாள்.

அபிநயா எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் நூல் தூசி பொன்னாய் மிதந்தது. சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் தேய்ந்தது. கொடியில் கிடந்த துவைத்த துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தினாள். அப்பாவை உட்காரவைத்துக் கையைத் தூக்கிப் பிடித்தாள். ரத்தம் அவள் விரல்களில் வெதுவெதுப்பாய்க் கசிந்தது.

சிவப்புச் சொட்டுக்கு அப்பாலும் தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது.

"வலிக்குதும்மா..."

"கைய கீழ வுடாதப்பா. வெரல ஆட்டு பாக்கலாம்."

விரல்கள் ஆடின. மெல்ல மெல்ல ரத்தம் மட்டுப்பட்டது.

"தையல் போடணும். ஆட்டோவக் கூப்புடும்மா."

புடவையை அங்குலம் அங்குலமாகப் பார்த்து முடித்த பொன்னி, "நல்லவேள, ஒரு சொட்டுகூட படல" என்று திரும்பினாள். மகளின் சிவந்த கைகளைப் பார்த்ததும் அருகே ஓடிவந்தாள். "அடியே... நீ மயங்கலியா?"

"மறந்தே பூட்டேன்மா." அபிநயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "காலேஜுக்கு வர்றேன்னு சொல்லிடட்டுமா?"

பொன்னி கணவனைப் பார்த்தாள். அவர் மகளின் கைப்பிடியிலிருந்து தன் கையை எடுக்கவில்லை.

"சொல்லட்டும் பொன்னி. அடிபட்டதும் நானே மொதல்ல பொடவையத்தான் பாத்தேன். என் கையப் பாத்தது இவ ஒருத்திதான்."