நாற்பத்தாறு நிறுத்தங்கள்

காகிதத்தை வாங்கியதும் அவள் முதலில் கடைசி வரியைத்தான் பார்த்தாள். பதினோரு வருட வேலையில் அப்படிச் செய்ததே இல்லை. பேருந்து நிலையத்தின் கண்ணாடிக் கூண்டில், அரைவட்டத் துளை வழியாக வரும் சீட்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை உதட்டுக்குள் ஓட்டிப் பார்ப்பாள்; பிறகு மைக்கின் பொத்தானை அழுத்துவாள். எந்த நடைமேடை, எத்தனை மணி, வழியில் எந்தெந்த ஊர். சீட்டில் இருப்பதைப் படிப்பாள். சீட்டை எழுதியது யார், எழுதியது சரியா என்பதெல்லாம் கூண்டுக்கு வெளியே இருப்பவர்களின் கவலை. குரல் மட்டும்தான் தன்னுடையது, சொற்கள் அவர்களுடையவை என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில் ஒரு நிம்மதியும் இருந்தது.

இப்போது பேருந்துகள் ஓடவில்லை. ஊரடங்கு தொடங்கிய மூன்றாம் நாள் பகுதி அலுவலகம் அவளை அழைத்து, ஒரு வேனின் முன் இருக்கையில் உட்கார வைத்து, கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டி, மைக்கைக் கையில் கொடுத்தது. கையைக் கழுவுங்கள், முகக்கவசம் போடுங்கள், காய்கறி வண்டி பத்து மணிக்கு வரும், மருந்து வேண்டுமானால் இந்த எண்ணுக்கு அழையுங்கள். இவை தினமும் ஒன்றே. கடைசி வரிதான் மாறும். 'இந்தத் தெருவில் விலகியிருக்க வேண்டிய வீடு' என்று எழுதி, பக்கத்தில் கதவு எண் இருக்கும். இன்று முப்பத்தொன்று. தெரு, அவள் குடியிருக்கும் தெரு.

"என்ன தங்கச்சி, பரீட்சைக்கு வந்தவ கேள்வித்தாளப் பாத்த மாதிரி முழிக்கிற?" என்றார் வேன் ஓட்டுபவர். இருபது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். நிலையத்தில் அவள் குரலை மட்டுமே அறிந்தவர், முகத்தை இந்த ஊரடங்கில்தான் பார்த்தார். 'உன் குரலக் கேட்டு ஆறடி உயரம்னு நெனச்சேன், இப்படிக் கைப்பிடி அளவு இருக்கியே' என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"முப்பத்தொண்ணு யாரு வீடுன்னு தெரியுமாண்ணே?"

"தெரியாம என்ன. நம்ம விசில்காரன் வீடு." அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "பாவி, வேணாம்னு சொன்னேன், கேட்டானா."

விசில்காரர் அவரோடு ஓடிய நடத்துநர். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் கழுத்தில் விசில் தொங்கும். ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றி இறக்கும் பேருந்துக்கு ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் பேர் கொடுக்கலாம் என்று நிலையத்தில் அறிவிப்பு வந்தபோது, முதலில் பேர் கொடுத்தவர். அந்த அறிவிப்பைப் படித்ததும் அவள்தான்.

அவளை உறுத்தியது முப்பத்தொன்று மட்டுமல்ல. மூன்று வாரத்துக்கு முன்பு இதே தெருவில், இதே இருக்கையில் உட்கார்ந்து 'பதினேழு' என்று படித்திருந்தாள். பதினேழில் ஒரு தையல்காரியும் அவள் மகளும் மட்டும். அன்று மதியமே பால்காரர் பதினாறில் நின்று, பதினேழைத் தாண்டி, பதினெட்டில் நின்றார். பொதுக்குழாயில் அந்த வீட்டுக் குடத்தை யாரோ காலால் தள்ளி உருட்டிவிட்டார்கள். வாசலுக்கு முன் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டைப் போடச் சொல்லி எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. அவள் தன் வீடான எட்டாம் எண்ணின் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்து அந்தக் கோட்டுக்கு அப்பால் வைத்திருக்கலாம். கால் எழவில்லை. தன் குரலுக்குப் பின்னால் தானே போய் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

போன வாரம் தையல்காரி தேறி வெளியே வந்தாள். இவள் தயங்கித் தயங்கிப் பதினேழின் வாசல் கேட்டருகே போனாள்.

"பால் வரல. சரின்னு விட்டேன்," என்றாள் தையல்காரி, வாயில் ஊசியைக் கடித்தபடி. "என் பொண்ணு ஜன்னல்ல நின்னா எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கும். அதையும் விட்டேன். ஆனா உன் குரல் இருக்கு பாரு. என் வீட்டு நம்பர அவ்வளவு சுத்தமா யாருமே சொன்னதில்ல. தபால்காரரே இன்னும் பதினாறத்தான் தட்டுறாரு."

"அவங்க குடுத்தத நான் படிச்சேன்."

"அதத்தான் சொல்றேன். நல்லா படிச்சே."

அந்த 'நல்லா' தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. சோற்றுருண்டை விழுங்கினாலும் இறங்கவில்லை. மைக்கைப் பிடிக்கும்போதெல்லாம் குத்தியது. வீட்டில் சொன்னபோது கணவன் அலுத்துக்கொண்டான். ஓட்டலில் பரிமாறும் வேலை அவனுக்கு. ஓட்டல் மூடியதிலிருந்து வீட்டில் பெருக்குவதும் துடைப்பதுமாக இருக்கிறான். "சீட்டப் படி, வந்துடு. ஊர் வம்பு நமக்கெதுக்கு? நிலையம் திறந்தா கூண்டுக்கு ஒரே ஆள்தான்னு சொல்லியிருக்காங்க. அந்த ஆபீஸ்தான் ஆள் போடப்போகுது. ஞாபகம் வெச்சுக்கோ." அவன் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கூண்டு இல்லாவிட்டால் அவள் யார் என்று அவளுக்கே தெரியாது.

வேனுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார் பகுதி அலுவலக மேற்பார்வையாளர். தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். வீட்டில் மூச்சுத் திணறலோடு ஒரு தாய். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாதவர்.

"சார், இன்னைக்கு நம்பர் வேணாமே," என்றாள் அவள்.

"ஏன்?"

"பதினேழுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "பக்கத்துத் தெருவுல நம்பர் சொல்லாம விட்டோம். நலம் விசாரிக்கிறேன்னு நாலு பேரு உள்ள போனாங்க. நாலு பேரும் இப்ப ஆஸ்பத்திரில. அதுக்கு யாரு பதில் சொல்றது, நீங்களா? நான் சொல்றதுல நியாயம் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்ப படிங்க." கொஞ்சம் நடந்தவர் திரும்பினார். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. படிக்க ஆள் இருக்கு. நிலையம் திறந்தாலும் அவங்களே உக்காந்துப்பாங்க."

நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல். அநியாயமாக இருந்தால் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு இறங்கிப் போயிருக்கலாம், மனசும் லேசாகியிருக்கும். இறங்கிப் போனாலும் வேறொருத்தி முப்பத்தொன்று என்று படிப்பாள். ஒருவேளை இவளைவிடத் தெளிவாக.

வேன் தெருவுக்குள் நுழைந்தது. காலை வெயில் ஆளில்லாத தெருவில் விரித்த பாய் போலக் கிடந்தது. முதலில் வழக்கமானதைப் படித்தாள். கை, முகக்கவசம், காய்கறி வண்டி, தொலைபேசி எண். கடைசி வரிக்கு வந்தாள். தொலைதூரப் பேருந்துகளுக்குப் படிக்கும்போது அவளுக்கு ஒரு கறார் உண்டு. வழியில் இருக்கும் எந்த ஊரையும் விடமாட்டாள். நாலு வீடும் ஒரு புளியமரமும் இருக்கிற ஊராக இருந்தாலும், பெரிய ஊருக்குக் கொடுக்கும் அதே மாத்திரை, அதே மூச்சு. 'சுருக்கமா முடியேன்' என்று நிலையக் காவலர் கேலி செய்வார். அந்தச் சின்ன ஊருக்குப் போக ஒரே ஒருவர் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார், தன் ஊர் பேர் காதில் விழும்வரை எழுந்திருக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

பொத்தானை அழுத்தினாள்.

"இந்தத் தெருவில் விலகியிருக்க வேண்டிய வீடுகள்," என்றாள். "ஒன்று. இரண்டு. மூன்று."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். அவர் கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது, கூட்டமான நிறுத்தத்தை நெருங்கும்போது குறைப்பதைப் போல.

"நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு."

எட்டில் அவள் கணவன் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தான். தன் வீட்டு எண்ணைத் தன் மனைவியின் குரலில் கேட்டு, வாய் லேசாகத் திறந்தபடி நின்றான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டேதான் ஒன்பதைப் படித்தாள். ஜன்னல்கள் திறந்தன. ஒரு கிழவர் மாடியிலிருந்து, "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா, தும்மல் கூட இல்ல," என்று கத்தினார். பதின்மூன்றில் மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில் வந்தது. மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன படிக்கிறீங்க? யோவ், ஆஃப் பண்ணுய்யா."

சுவிட்ச் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "பாதியில ஆஃப் பண்ணா மெஷின் புகைஞ்சுடும் சார். ஆபீஸ் சொத்து. எழுதிக் குடுத்தா பண்றேன்."

"பதினாறு. பதினேழு."

பதினேழில் தையல் மெஷினின் சத்தம் நின்றது. அவள் நிற்கவில்லை. எந்த எண்ணிலும் நிற்கக்கூடாது, அதுதான் இப்போது அவள் கைவசம் இருந்த ஒரே வித்தை. குரலைத் தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் அதிகம். ஒரு எண்ணில் மூச்சு கொஞ்சம் தடுக்கினாலும் பிடித்துக்கொள்வார்கள், 'அதுதான்' என்று. இருபத்தைந்தைத் தாண்டினாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. விசில்காரரின் வீட்டுப் பச்சைக் கதவு கண்ணில் பட்டது. அவள் பார்வையைத் திருப்பிச் சாலையில் வைத்தாள். முப்பது. தொண்டையில் அந்த முள் அசைந்தது. நாலு வீடும் ஒரு புளியமரமும் இருக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டாள்.

"முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று."

கடந்துவிட்டாள். நாற்பத்தாறு வரை ஒரே சீராகப் போய்ச் சேர்ந்தாள். வேன் தெருக்கோடியில் நின்றது. காகிதத்தின் கடைசி வரியும் முடிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சீட்டில்லாமல் பொத்தானை அழுத்தினாள்.

"நாற்பத்தாறு வீட்டுக் கதவிலும் ஒரு பை தொங்கட்டும். என்ன வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள். ஒன்றும் வேண்டாதவர்கள் வெற்றுச் சீட்டைப் போடுங்கள். காய்கறி வண்டியும் பால் வண்டியும் எல்லாப் பைக்கும் நிற்கும். யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகவேண்டாம். யார் வீட்டையும் தாண்டிப் போகவும் வேண்டாம்."

"வண்டி நிக்கும்னு யாரு சொன்னா?" மேற்பார்வையாளர் கண்ணாடிக்கு வெளியே மூச்சிரைக்க நின்றார்.

"நான் சொன்னேன் சார். தாண்டிப் போனா, அந்த வண்டி நம்பரையும் நான் தெளிவாப் படிப்பேன்." அவள் மைக்கை மடியில் வைத்தாள். "ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகக்கூடாது. அவ்வளவுதானே உங்களுக்கு வேணும். அத நாப்பத்தாறு தடவ சொல்லிட்டேன்."

அவர் அலைபேசியை எடுத்தார். "ஆமா சார், அந்த நிலையத்து அம்மாதான்," என்று கேட்டது. "இல்ல சார், நம்பரச் சொன்னாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இல்ல சார், முப்பத்தொண்ணும் அதுல இருக்கு." அவர் தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "கொஞ்சம் இருங்க, வண்டிய எடுக்காதீங்க," என்று கையால் சைகை காட்டினார்.

வேனின் பக்கக் கண்ணாடியில் தெரு முழுவதும் சின்னதாகத் தெரிந்தது. கூண்டு போயிற்று என்று அவள் நினைத்தாள். மடியில் இருந்த மைக் இன்னும் சூடாக இருந்தது. யாரும் வெளியே வரவில்லை. பிறகு பதினேழாம் கதவு திறந்தது. தையல்காரி வந்து, வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு பையைக் கேட்டில் மாட்டினாள். வேன் பக்கம் பார்க்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டின்மேல் நின்று, பை விழாமல் இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எட்டில் கணவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். வீட்டுக்குள் போனவன் கையில் எதையோ எடுத்துக்கொண்டு வந்தான். தூரத்தில் அது பையா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தெருவின் நடுவில், எங்கோ ஒரு மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, ஒரு விசில். பாதியிலேயே மூச்சுப் போதாமல் கரகரத்து அடங்கியது. ஓட்டுநரின் கை கியர்மேல் அப்படியே நின்றது. ஒரு விசில் என்றால் நில். அவரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் காத்திருந்தார்கள். ஓர் இருமல் கேட்டது. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு இரண்டு விசில், அடுத்தடுத்து.

மேற்பார்வையாளர் அலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், ஓட்டுநரின் கால் கிளட்சை அழுத்தியிருந்தது. வேன் அடுத்த தெருவை நோக்கித் திரும்பியது. அவள் மைக்கின் மேல் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்து, ஒன்றிலிருந்து தொடங்க மூச்சை இழுத்துக்கொண்டாள்.